சுரூபத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன்: கோவிலுக்கே வரும் ஆய்வுச் சேவை, ஒரு மதிப்பீடு

திருவிழாக் கொடியேற ஒரு மாதம் இருக்கும்போது கத்தோலிக்கக் கோவிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "சுரூபத்துக்கு ஒரு கோட் அடிச்சிரலாம்." குமரி மாவட்டத்துக் கோவில்களிலும், சிறு சிலுவைக் கோவில்களான குருசடிகளிலும் இருக்கும் பழைய மரச் சுரூபங்கள், அதாவது புனிதர் சிலைகள், பலவற்றின் முகத்தில் இன்று மினுங்குவது அப்படி ஏறிய எனாமல்தான். அந்தக் கூட்டம் நடக்கும் முன்பே கூப்பிட வேண்டிய ஒரு சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. இரண்டு பேர் கருவிகளோடு கோவிலுக்கே வருகிறார்கள், ஒரு பகல் முழுக்கச் சுரூபத்தைப் பார்க்கிறார்கள், மணல் துகள் அளவுக்கு வர்ணம் எடுத்துப் போகிறார்கள், ஆறு முதல் எட்டு வாரத்தில் அறிக்கை வருகிறது. பெயர் போடவில்லை. இதே வரிசையில் வேலை செய்யும் எந்தக் குழுவை அழைத்தாலும் கீழே உள்ளதை வைத்துச் சரிபார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விளக்கு வைத்துக் கண்ணால் பார்க்கும் வேலையும், மாதிரியை வெட்டி அடுக்கு எண்ணும் வேலையும் கொடுத்த காசுக்கு மேலே. கையில் பிடிக்கும் எக்ஸ்-ரே கருவியை வைத்து அவர்கள் சொல்வதில் பாதியை நம்பலாம். ஈரப்பதத்தைப் பற்றிய பகுதி தேறவில்லை. நம் கடற்கரையில் அதுதான் தலையான பகுதி என்பதால் 5-க்கு 3 மட்டும்.

வரும் முன் அவர்கள் அனுப்பும் குறிப்பு ஒழுங்காக இருக்கிறது. மாலை, கிரீடம், துணி, நகை எல்லாம் முந்தின நாளே கழற்ற வேண்டும். துடைக்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது. பீடத்திலிருந்து இறக்கும்போது கையையோ தலையையோ பிடித்துத் தூக்கக் கூடாது, அடிப்பலகையோடு சேர்த்து இரண்டு பேர் தூக்க வேண்டும். மரச் சுரூபங்களில் கைகள் பெரும்பாலும் தனியாகச் செதுக்கி ஆப்பு வைத்துச் சேர்த்தவை. அந்த மூட்டு ஒருமுறை ஆடினால் அதைச் சுற்றி வர்ணம் வளையமாகப் பிளக்கும். இதையெல்லாம் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடம் நேரில் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், காகிதத்தோடு விட்டுவிடாதீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் டார்ச் ஒன்றோடுதான் போகிறது. விளக்கைச் சுரூபத்தின் மேற்பரப்பை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழும். மர ரேகை ஓடும் திசையிலேயே நீள நீளமாக விரிசலும், அதன் இரு பக்கமும் கூடாரம் போல உயர்ந்த வர்ணமும் இருந்தால், மரம் சுருங்கியும் விரிந்தும் வர்ணத்தைத் தள்ளியிருக்கிறது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தைத் தொட்டு ஓடும் திசையில் சுருக்கம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரேகையோடு சம்பந்தமில்லாமல் சின்னக் கிண்ணங்கள் போல ஓரம் தூக்கிய செதில்கள் இருந்தால் கோளாறு பூச்சிலோ அதன் அடித்தளத்திலோ இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில் இவர்கள் கை தேர்ந்தவர்கள்.

பூச்சித் துளைகளையும் சும்மா எண்ணிவிட்டுப் போகவில்லை. துளையின் உள்ளே பழைய வர்ணம் வழிந்திருந்தால் பூச்சி வந்தது அந்தப் பூச்சுக்கு முன்பு. துளை வர்ணத்தை உடைத்துக்கொண்டு வெளிறிய ஓரத்தோடு நின்று, கீழே மாவு போலப் பொடி இருந்தால் பூச்சி இன்னும் உள்ளேயே இருக்கலாம். சந்தேகம் என்றால் சுரூபத்தின் அடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் பார்க்கச் சொல்கிறார்கள். புதுப் பொடி விழுந்தால், மருந்து பீய்ச்சுவதைவிட, காற்றுப் புகாத உறையில் சுரூபத்தை வைத்து ஆக்சிஜனை 1 சதவீதத்துக்கு வெகு கீழே இறக்கி மூன்று வாரம் விடுவதே வர்ணத்துக்குப் பாதுகாப்பு. சரியான பரிந்துரை. அந்த வேலையைச் செய்து தர அவர்களிடம் ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

புற ஊதா விளக்குப் பகுதி இன்னும் நன்றாக வந்திருக்க வேண்டியது. விளக்கு சரியானது, 365 நானோமீட்டர். கடையில் கள்ளநோட்டுப் பார்க்க விற்கும் 395 விளக்கு ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். 365-இல் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும், துத்தநாக வெள்ளை பளிச்சென்ற மஞ்சளாகத் தெரியும், டைட்டானியம் வெள்ளை ஒளிராமல் கருஊதாவாகக் கிடக்கும். பின்னால் தொட்டுப் பூசிய இடங்கள் கறைபோல இருண்டு நிற்கும். மாதா முகத்தில் எந்தெந்த இடம் பின்னால் ஒட்டுப்போட்டது என்று பேரவைக்காரர்களுக்கு முதன்முதலாகப் புரிவது இந்தப் படத்தில்தான். ஆனால் இந்த ஒளிர்வு மிக மங்கல். நண்பகலில், கதவிடுக்கில் வெயில் வழியும் அறையில் எடுத்த படங்களில் பாதி வீண். இரவு 7 மணிக்கு மேல் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாரும் கண்ணுக்குப் புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட வேண்டும், பார்க்கக் கூடும் பிள்ளைகள் உட்பட.

அடுத்தது எக்ஸ்-ரே ஃப்ளோரசன்ஸ் கருவி. துப்பாக்கி மாதிரி இருக்கும், ஓர் இடத்தில் 30 முதல் 60 நொடி வைத்தால் அங்கே உள்ள தனிமங்களைக் காட்டும். வர்ணத்தைத் தொடாமல் வேலை முடிகிறது என்பதால் பேரவைக்கு இதுதான் பெரிய வித்தை. பாதரசம் வந்தால் சிவப்பு வெர்மிலியன், செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 1814-க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த மரகதப் பச்சை, இரும்பு மட்டும் வந்தால் பெரும்பாலும் காவி மண் வகை. ஈயம் வருமா என்பதையாவது அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஈய வெள்ளை பூசிய சுரூபத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவரின் நுரையீரலுக்குத்தான் அந்தப் பொடி போகிறது.

ஆனால் இந்தக் கருவி எல்லா அடுக்கையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும். நெற்றியில் ஈயம், துத்தநாகம், டைட்டானியம் மூன்றும் வந்தால் எது அடியில், எது மேலே என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, தனிமங்களைக் காட்டிக்கொடுக்கும் ஆற்றல் கோடுகள் சில ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஈயத்தின் 10.55 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடும் ஆர்சனிக்கின் 10.54 கோடும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆர்சனிக் உண்டா என்று 11.73 கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டைட்டானியத்தின் 4.51-உம் பேரியத்தின் 4.47-உம் அப்படியே. துத்தநாக சல்ஃபைடும் பேரியம் சல்ஃபேட்டும் கலந்த லித்தோபோன் 1870-களிலேயே கடைக்கு வந்த வெள்ளை. டைட்டானியம் வெள்ளை 1920-களை ஒட்டித்தான் வணிகத்துக்கு வந்தது. ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் பூச்சின் வயதில் ஐம்பது வருடம் பிழை. கருவியின் எக்ஸ்-ரே குழாயை 50 கிலோவோல்ட்டில் வைத்து, 32 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிப் பேரியத்தின் கோடு எழுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. இவர்கள் முதல் சுற்றில் குறைந்த வோல்ட்டில் மட்டும் எடுத்தார்கள். கேட்ட பிறகு திரும்ப எடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல் நம் ஊருக்கே உரியது. மணவாளக்குறிச்சியைச் சுற்றிய கடற்கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் இருக்கின்றன. அங்கே மணல் ஆலை நடப்பதே அதற்காகத்தான். இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத் தாதுக்கள். கடலோரக் கோவிலில் அங்கியின் மடிப்புக்குள் படிந்த தூசியின் மேல் கருவியை வைத்தால் டைட்டானியம் காட்டாமல் என்ன செய்யும்? அவர்களுடைய முதல் வரைவில் அந்த மடிப்புக்கு "1920-களுக்குப் பிந்தைய மேல்பூச்சு" என்று எழுதியிருந்தது. அதே இடத்து அடுக்கு வெட்டில் டைட்டானியம் பூச்சே இல்லை. டைட்டானியத்தோடு இரும்பும், சிர்கானில் உள்ள சிர்கோனியமும் சேர்ந்து எழுந்தால் முதலில் மணலைச் சந்தேகப்பட வேண்டும். மென்மையான தூரிகையால் தூசியைத் தள்ளிவிட்டு ஒரு தடவை, தள்ளாமல் ஒரு தடவை என்று எடுத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வெளியூர்க் குழுவுக்கு இது தோன்றாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாதிரி எடுப்பதும் அடுக்கு வெட்டும்தான் இந்தச் சேவையின் உயிர். ஏற்கனவே வர்ணம் உதிர்ந்த இடத்தின் ஓரத்திலிருந்து மட்டும், கத்தி முனையால், அரை மில்லிமீட்டருக்குள் ஒரு துகள். முகத்தில், கையில் எடுப்பதே இல்லை. ஒரு சுரூபத்துக்கு மூன்று அல்லது நான்கு மாதிரி. ஒவ்வொன்றும் எடுக்கும் முன்பும் பின்பும் படம். எடுத்த இடம் குறித்த வரைபடத்தில் பங்குத் தந்தையும் பேரவைச் செயலாளரும் கையெழுத்து. இந்த ஒழுங்குக்கு முழு மதிப்பெண். துகளைத் தெளிவான ரெசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, 100 முதல் 500 மடங்கு வரை பெருக்கிப் பார்க்கிறார்கள்.

அங்கே தெரிவது இப்படி ஒரு வரிசை: அடியில் மரத்தின் நார், அதன் மேல் பசை கலந்த வெள்ளை அடித்தளம், அதன் மேல் ஈய வெள்ளையும் வெர்மிலியனும் கலந்த முதல் சதை நிறம், பிறகு மெல்லிய கறுப்புக் கோடு, பிறகு துத்தநாக வெள்ளை கலந்த இளஞ்சிவப்பு, கடைசியில் தடித்த எனாமல். அந்தக் கறுப்புக் கோடு மெழுகுவர்த்திப் புகையும் தூசியும். கோடு இருக்கும் இடத்தில் சுரூபம் நெடுங்காலம் பூசப்படாமல் நின்றிருக்கிறது. கோடே இல்லாமல் இரண்டு பூச்சு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் ஒரே வேலையில் அடித்தவையாக இருக்கலாம்.

காசு கொடுத்ததற்கான பதில், பிளவு எந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. மரத்துக்கும் வெள்ளை அடித்தளத்துக்கும் நடுவில் என்றால் அடித்தளத்தின் விலங்குப் பசை செத்துப்போனது; மெல்லிய பசைக் கரைசலை ஊசியால் விட்டு, மெல்லிய காகிதம் வைத்து அமர்த்தும் வேலை தேவை, அதற்கு முன் எதையும் துடைத்தால் எல்லாம் கையோடு வந்துவிடும். பழைய வர்ணத்துக்கும் எனாமலுக்கும் நடுவில் என்றால் நல்ல செய்தி. எனாமல் இறுகிச் சுருங்கித் தானே எழும்புகிறது, பயிற்சி உள்ள கை அதை எடுத்தால் அடியில் பழைய முகம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே செதில்தான். இது தெரியாமல் எனாமல் மேல் எனாமல் அடிக்கும்போது, தளர்ந்த பசையின் தலையில் இன்னொரு பாரம் ஏறுகிறது. இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது.

வெள்ளை அடித்தளம் எது என்பதற்கு அவர்கள் செய்யும் சோதனை எளிமையானது, பிடித்தது. போர்த்துகல், ஸ்பெயின், இத்தாலி மரபில் ஜிப்சம். வட ஐரோப்பாவில் சுண்ணக்கல் பொடி. மாதிரியில் மிஞ்சிய ஒரு துணுக்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. நுரைத்தால் சுண்ணம், சும்மா இருந்தால் ஜிப்சமாக இருக்கலாம். எக்ஸ்-ரே கருவியில் கந்தகத்தைத் தேடலாமே என்றால், கந்தகத்தின் கோடு ஈயத்தின் ஒரு கோட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஜிப்சம் என்றால் ஈரத் துணி ஆகவே ஆகாது, லிட்டருக்கு இரண்டு கிராம் வரை தண்ணீரில் கரையும். வருடா வருடம் தண்ணீரில் துடைத்த சுரூபத்தின் கால் விரல்கள் ஏன் மழுங்குகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

அகச்சிவப்பு நிறமாலை, அதாவது எஃப்.டி.ஐ.ஆர்., தனிக் கட்டணம். எண்ணெயா, பசையா, செயற்கைப் பிசினா என்று சொல்லும். ஈய வர்ணத்தில் எண்ணெயின் கொழுப்பு அமிலம் ஈயத்தோடு சேர்ந்து உருவாகும் ஈய சோப்பையும் காட்டும், வர்ணத்தின் மேல் உப்புமணி போலப் பொங்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கு அதுவும் ஒரு காரணம். புள்ளி இல்லாத சுரூபத்துக்கு இதை விட்டுவிடலாம்.

இனி தேறாத பகுதி. வந்த அன்று காலை 11 மணிக்கு ஒரு ஈரமானியை நீட்டி, "ஒப்பு ஈரப்பதம் 68 சதவீதம்" என்று அறிக்கையில் ஒரு வரி. அவ்வளவுதான். தென்மேற்குப் பருவம் ஜூனில் தொடங்கி, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும் மாவட்டத்தில் ஒரு காலைப் பொழுதின் எண்ணை வைத்து என்ன செய்வது?

கடற்காற்றில் வரும் சாதா உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேலே காற்றிலிருந்து தண்ணீர் இழுத்துக் கரையும், கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். இரவில் 75-ஐத் தாண்டி நண்பகலில் இறங்கும் கோவிலில் இது தினமும் நடக்கிறது. அடித்தளத்தின் நுண்துளைக்குள் ஒவ்வொரு முறை படிகம் வளரும்போதும் வர்ணத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரம் இழுப்பதால் உப்பேறிய பரப்பு நம் ஊரில் முழுசாக உலர்வதே இல்லை. சிவப்பு வெர்மிலியனுக்கு இன்னொரு கேடும் உண்டு: குளோரைடும் வெளிச்சமும் சேர்ந்தால் அது கறுக்கும். திருஇருதய ஆண்டவர் சுரூபத்தில் கடலைப் பார்த்த வாசல் பக்கத்து அங்கி மட்டும் கறுத்திருந்தால் அதைப் புகை என்று தேய்த்துவிடக் கூடாது. எக்ஸ்-ரே கருவி அந்த இடங்களில் குளோரினைக் காட்டியிருந்தது. அறிக்கையின் அட்டவணையில் எண் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

எனவே பதிவுக் கருவியை நீங்களே வாங்கி வையுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் தானே பதிவாகும் சின்ன டேட்டா லாகர் இரண்டு போதும்: ஒன்று சுரூபத்தின் முதுகுக்குப் பின்னால், ஒன்று கோவில் நடுவில். 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு, குறைந்தது ஜூன் முதல் டிசம்பர் வரை. மலிவான லாகர் நான்கைந்து சதவீதம் தப்பாகக் காட்டும், ஆனால் அதைச் சரிபார்க்க ஆய்வகம் வேண்டாம், நம் மாவட்டத்துப் புத்தளத்து உப்பு போதும். ஒரு சின்ன மூடியில் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டு, ஈரமணல் பதம் வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள்; உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் லாகரையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து 12 மணி நேரம் மூடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் நிற்கும். லாகர் 79 காட்டினால் அந்த அளவை ஒட்டிய பதிவுகளில் 4 கழித்துக்கொள்ளுங்கள். அயோடின் கலந்த பொடி உப்பைவிடக் கல்லுப்பு நல்லது.

கண்ணாடிக் கூண்டு பரிந்துரைத்ததில் ஒரு எச்சரிக்கை விட்டுப்போயிருக்கிறது. பிளைவுட் அடித்து, புளிச்ச வாடை வரும் சாதா சிலிக்கானால் ஒட்டிய கூண்டுக்குள் அசிட்டிக் அமில ஆவி தங்கும். ஈயத்துக்கு அது எதிரி. அலுமினியச் சட்டம், நியூட்ரல் வகை சிலிக்கான், மேலும் கீழும் வலை போட்ட காற்றுத் துளை, கூண்டுக்குள் பல்பு கூடாது. மெழுகுவர்த்தித் தட்டு சுரூபத்தின் நேர் கீழே இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள், அதற்கு அறிக்கை தேவையில்லை.

அறிக்கை நாற்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கம் தனியாக எழுதித் தரச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: பிளவு எந்த அடுக்கில், ஈயம் உண்டா, தண்ணீர் படலாமா, முதலில் செய்ய வேண்டியது எது. நிறமாலைக் கோப்புகளையும் படங்களையும் பெரிய அளவில் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறொருவர் பார்க்கும்போது அட்டவணையைவிட அவைதான் உதவும். பதித்த மாதிரிகளைத் திருப்பிக் கேளுங்கள், அவை கோவில் சொத்து. கட்டணம் மாதிரிக் கணக்கில் ஏறுவதால், எத்தனை மாதிரி, எதற்காக என்று எழுத்தில் வாங்காமல் சம்மதம் சொல்ல வேண்டாம்.

யாருக்கு இது வேண்டாம்? சமீப காலத்தில் கடையில் வாங்கிய பிளாஸ்டர் அல்லது ஃபைபர் சுரூபத்துக்கு வீண் செலவு. பழைய பிளாஸ்டர் சுரூபத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி வெடித்திருந்தால் செம்பழுப்புக் கறையே சொல்லிவிடும். மரத்தால் செய்து வர்ணம் பூசிய இந்துக் கோவில் வாகனங்களுக்கு இதே முறை பொருந்தும், புகையோடு விளக்கில் எரியும் எண்ணெயின் படலமும் சேரும் என்பதுதான் வித்தியாசம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் போன்ற, மண், பிசின், மூலிகை முதலியவற்றைக் குழைத்துச் செய்த கடுசர்க்கரை மூலவர்கள் வேறு கட்டமைப்பு, வேறு மரபு; அங்கே இந்தக் குழுவுக்கு வேலை இல்லை. கூரை ஒழுகும் கோவிலாக இருந்தால் முதலில் கூரை ஓடுகளை மாற்றுங்கள்.

அறிக்கை வரும் வரை உதிரும் செதில்களைக் கூட்டிப் பெருக்கித் தள்ள வேண்டாம். மென்மையான தூரிகையால் காகிதத்தில் தள்ளி, சாதாக் காகித உறையில் போட்டு, எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதி வையுங்கள். ஃபெவிக்கால் வைத்து ஒட்டிவிட்டால் பிறகு அதைப் பிரிக்கும்போது பழைய அடித்தளமும் சேர்ந்தே வரும்.